தலைக்காயத்துக்குப் பிறகு உடற்பயிற்சி: நடையா, சைக்கிளா, டிரெட்மில்லா, நீச்சலா?

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்புகிறவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில், மாத்திரைகளுக்கெல்லாம் கீழே 'ஏரோபிக் உடற்பயிற்சி செய்யவும்' என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் இருக்காது. அதை வீட்டில்தான் பேசி முடிவு செய்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அக்கா வீட்டுக்காரருக்காக நடந்தது. மச்சான் மதுரையில் கீழவாசல் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, மண்டைக்குள் ரத்தக்கட்டு, ஆபரேஷன், ஐ.சி.யூ. எல்லாம் முடிந்து வந்தார். கை கால் நன்றாக வேலை செய்கிறது. பார்க்க வருகிறவர்கள் "நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லி ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்கள். கடையில் உட்காரவைத்தால்தான் விஷயம் தெரிகிறது. அரைக் கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ உளுந்து, ஒரு பாக்கெட் கல்லுப்பு என்று ஒருவர் சொன்னால், பருப்பை நிறுத்துவிட்டுத் திரும்பும்போது அடுத்தது என்ன என்று கேட்கிறார். மனக்கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர், 130 ரூபாய் சாமானுக்கு 200 ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு மீதிக்கு யோசித்து நிற்கிறார்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கட்டும் என்றார் சித்தப்பா. டிரெட்மில் வாங்கிப் போடலாம் என்றான் தம்பி. கிணற்றில் நீச்சல் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அலங்காநல்லூர்ப் பெரியப்பாவின் கட்சி. அக்காவுக்கோ அவர் வாசற்படி தாண்டினாலே பயம். அக்கா மகள் போனில் மூளைப் பயிற்சி ஆப் ஒன்றை இறக்கித் தந்தாள். இவை ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குத் தேறியதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. நியூரோ டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் விடாமல் கேள்வி கேட்டவன், அவ்வளவுதான்.

முதலில், எவ்வளவு நம்பலாம்?

ஏரோபிக் என்றால் மூச்சும் நாடித்துடிப்பும் கூடுகிற மாதிரி, நிற்காமல் தொடர்ந்து செய்கிற பயிற்சி. தண்டால் எடுப்பது, டம்பெல் தூக்குவது இதில் சேராது. இப்படித் தொடர்ந்து செய்யும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. கூடவே பி.டி.என்.எஃப். என்ற புரதம் அதிகமாகச் சுரக்கிறது. நரம்புச் செல்கள் பிழைத்திருக்கவும் புது இணைப்புகள் போடவும் அது உதவுகிறது.

இதற்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2011-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. 120 முதியவர்களில் ஒரு பாதிப் பேர் ஒரு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகநடை நடந்தார்கள். மறு பாதி உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். நடந்தவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஏறக்குறைய 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் யாருக்கும் தலையில் அடிபட்டிருக்கவில்லை. இதைச் சொல்லாமல் அந்த 2 சதவீதத்தை மட்டும் பரப்புகிற வாட்ஸப் செய்திகள் எங்கள் குடும்பக் குரூப்பிலேயே நாலைந்து வந்தன.

அடிபட்டவர்களிடம் நடந்த ஆய்வுகளில் உறுதியானவை லேசான அதிர்ச்சிக் காயம் (கன்கஷன்) பற்றியவை. 2019-இல் வெளியான ஒன்றில், விளையாட்டில் தலையில் அடிபட்ட 103 பதின்வயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். அளவான ஏரோபிக் பயிற்சி செய்தவர்களுக்குக் குணமாக நடுமதிப்பில் 13 நாளும், ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்தவர்களுக்கு 17 நாளும் ஆனது. மச்சானுக்குப் பட்டது போன்ற பெரிய காயத்தில் ஆய்வுகள் சிறியவை. 2015-இல் வந்த ஒன்றில் மொத்தமே 7 பேர், அவர்களுக்கும் லேசான, நடுத்தரக் காயம்தான். 12 வாரம், வாரம் மூன்று முறை, அரை மணி நேர டிரெட்மில் பயிற்சிக்குப் பிறகு கவனமும் சிந்தனை வேகமும் அளக்கிற சோதனைகளில் முன்னேறியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அதனால் முன்னேற்றம் பயிற்சியால் வந்ததா, காலத்தால் தானாக வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும்? மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த உடம்புக்கு மூச்சும் தெம்பும் இதனால் திரும்பும். தூக்கம் ஒழுங்காகும், மனச்சோர்வு குறையும். தூக்கமும் மனசும் சரியில்லாத ஆளுக்குக் கவனம் எங்கிருந்து வரும்? மூளைக்கு நேரடியாகக் கிடைப்பது அதற்கு மேல் கிடைக்கிற லாபம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எப்போது தொடங்குவது

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை போடுகிற மதிப்பெண். 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. உங்கள் வீட்டு ஆளுக்கு எந்தப் பயிற்சி என்று பேசுவதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள்.

லேசான காயத்துக்கு, இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைப்பது என்ற பழைய வழக்கம் போய்விட்டது. முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வு, கூடவே வீட்டுக்குள் லேசான நடை, பிறகு படிப்படியான பயிற்சி என்பதுதான் 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களின் பரிந்துரை. பயிற்சியின்போது தலைவலி, தலைச்சுற்றல் கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம் என்றும் அதற்கு அளவு வைத்தார்கள். பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டால் 2-க்கு மேல் கூடக்கூடாது. அப்படிக் கூடியது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

நடுத்தர, கடுமையான காயத்துக்கு இந்த அவசரம் ஆகாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2004-இல் வந்தது. காயம் பட்ட முதல் வாரத்திலேயே சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு பி.டி.என்.எஃப். புரதம் கூடவில்லை, கற்கும் திறனும் பின்தங்கியது. இரண்டு வாரம் கழித்து ஓடியவற்றுக்குப் புரதம் கூடியது, கற்றலும் தேறியது. எலிக்கு இரண்டு வாரம் என்றால் மனிதனுக்கு எத்தனை என்று கணக்குப் போட முடியாது. ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்று சொல்லும் நாள்தான் தொடங்கும் நாள்.

அதே ஆய்வுக் குழு பின்னால் இன்னொன்றும் கண்டது. தானாக விருப்பப்பட்டு ஓடிய எலிகளுக்குக் கிடைத்த பலன், கட்டாயப்படுத்தி ஓடவைத்த எலிகளுக்குக் கிடைக்கவில்லை. மாறாக, மன அழுத்த ஹார்மோன் ஏறியது. இதைப் படித்த அன்று அக்காவுக்கும் சொன்னேன். "எந்திரிங்க, நடங்க, இப்படியே உக்காந்திருந்தா எப்படி" என்று காலையிலிருந்து அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எலியை வைத்து மனிதனுக்குச் சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் எந்தப் பயிற்சி என்ற முடிவில் அவருடைய விருப்பத்துக்கு நான் கொடுத்த இடம் அதற்குப் பிறகு கூடியது.

நடை

செலவில்லை, கருவி வேண்டாம், வெளிக்காற்று, மனித முகங்கள். மதுரையில் நடக்க இடமா இல்லை? எக்கோ பார்க், ரேஸ்கோர்ஸ் மைதானம், வண்டியூர் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி. தெப்பக்குளத்தை எனக்குப் பிடிப்பதற்கு ஒரு காரணம் கணக்கு. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஏறக்குறைய 1,000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று வந்தால் கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று எழுதிவைக்க வசதி. தரையும் சமம்.

குறைகளும் உண்டு. விடிகாலையில் அருமையான இடம். சாயங்காலம் சுண்டல் வண்டி, பஜ்ஜிக் கடை, குழந்தைகள், சுற்றிலும் ஆரன் சத்தம். தலைக்காயத்துக்குப் பிறகு பலருக்கு ஒளியும் ஒலியும் தாங்காது. மச்சானுக்குக் குக்கர் விசிலே முகத்தைச் சுளிக்கவைக்கும். திருவிழா நாளில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் பக்கம் போனால் அன்றைக்கு முழுக்கத் தலைவலி. இதற்கு மேல் வெயில். சித்திரை, வைகாசியில் மதுரையில் 40 டிகிரி சர்வசாதாரணம். தலைவலியும் மயக்கமும் வந்தால் அது காயத்தாலா வெயிலாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது. டோபிரமேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வியர்வை குறையலாம், உடம்புச் சூடு ஏறும் ஆபத்து உண்டு. அவர்கள் கோடையில் வெளியில் நடப்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

பெரிய தடை வேறு. தடுமாற்றம் உள்ளவர் விழுந்து மறுபடி தலையில் அடிபட்டால் எல்லாம் போச்சு. மூளை வீக்கத்துக்காக மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்தி அனுப்பியிருப்பார்கள் சிலரை. அந்த எலும்பைத் திரும்ப வைக்கும்வரை கூட்டத்தில் நடப்பதே வேண்டாம் என்பது என் கருத்து. வெளியே போயே தீரவேண்டுமென்றால் டாக்டர் சொன்ன தலைக்கவசமும் பக்கத்தில் ஆளும் வேண்டும்.

இன்னொரு சிக்கல், நடைக்கு வேகம் வராது. நம் ஊரில் நடை என்றால் பேசிக்கொண்டே போவது, தெரிந்தவரைப் பார்த்தால் நிற்பது. "என்ன மாப்ள, எப்படி இருக்க" என்று நாலு பேர் கேட்டுவிட்டால் நாடித்துடிப்பு பழையபடி இறங்கிவிடும். சமூகத்துக்கு நல்லது, ஏரோபிக் கணக்கில் வராது. அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் அமைத்த நடைபாதை 8 கிலோமீட்டர். ஆரோக்கியமானவர்களுக்கு நல்ல ஏற்பாடு, இவர்களுக்குக் கால்வாசிகூட அதிகம்.

மொட்டை மாடி நடை பல வீடுகளில் எளிய தீர்வாகப் படுகிறது. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுகூட இல்லாத மாடியில், வலிப்பு வர வாய்ப்புள்ள ஆளைத் தனியே நடக்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டுப் போட்டு நடப்பதையும் பலர் சொன்னார்கள். அதில் ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைகிறது, தலைச்சுற்றல் உள்ளவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சுற்றுவது குமட்டுகிறது. சமநிலைக்கான பயிற்சியாக, பிசியோதெரபிஸ்ட் சொன்னால், பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

நடையில் ஓர் இடம் மட்டும் எனக்குத் தனியாகப் பிடித்தது: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகள். வண்டி கிடையாது, கல் பாவிய தரை, நாலு வீதியும் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவு. நடந்துகொண்டே எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்குவது, கடைப் பலகையைப் படிப்பது, எந்தக் கோபுரம் தாண்டினோம் என்று நினைவில் வைப்பது என்று காலும் மூளையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இது தொடக்கத்துக்கு ஆகாது. வீட்டில் சும்மா நடக்கும்போது தடுமாற்றமே இல்லை என்று ஆன பிறகு, கூட்டமில்லாத காலை நேரத்தில்.

வீட்டுச் சைக்கிள்

நாங்கள் தேர்ந்தெடுத்தது இதை. ரோட்டில் ஓட்டுகிற சைக்கிள் இல்லை, நின்ற இடத்திலேயே மிதிக்கிற எக்சர்சைஸ் சைக்கிள். ரோட்டுச் சைக்கிளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

விழும் பயம் குறைவு, வெயில் இல்லை, மின்விசிறி உண்டு, சத்தத்தை நாம் கட்டுப்படுத்தலாம், யாராவது ஒருவர் அதே அறையில் இருக்கலாம். இவையெல்லாம் சாதாரண வசதிகள். உண்மையான வசதி, அளவை இம்மி இம்மியாகக் கூட்டலாம் என்பது. இன்றைக்குப் பெடல் இறுக்கம் இரண்டில் எட்டு நிமிடம், அடுத்த வாரம் இரண்டில் பத்து நிமிடம், தலைவலி கூடினால் பழைய இடத்துக்கே திரும்புவது. நடையில் இந்தத் துல்லியம் கிடைக்காது.

எவ்வளவு கடினமாக மிதிப்பது? சாதாரணமாகச் சொல்லும் கணக்கு இது. 220-லிருந்து வயதைக் கழியுங்கள், வயது 45 என்றால் 175. ஓய்வில் நாடி 75 என்றால் இடைவெளி 100. அந்த இடைவெளியில் 40 முதல் 60 சதவீதத்தை ஓய்வு நாடியோடு கூட்டினால் 115 முதல் 135 வரை. அந்த எல்லைக்குள் இருந்தால் நடுத்தர வேகம். நாடியைப் பார்க்கத் தனியாக வாட்ச் வாங்க வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கிறது. மிதிப்பதை நிறுத்தி, கையை ஆட்டாமல் உடனே மாட்டிப் பார்த்தால் போதும்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் செல்லாது. தலைக்காயத்துக்குப் பிறகு படபடப்புக்கோ தலைவலிக்கோ புரொப்ரனலால் கொடுத்திருக்கலாம். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. 115-ஐ எட்டவேண்டும் என்று மிதித்துக்கொண்டே இருந்தால் ஆள் களைத்து விழுவார், எண் ஏறாது. மச்சானுக்கும் அந்த மாத்திரை இருந்தது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், சின்னப் பையன்தான், ஆக்சிமீட்டரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணே, மிதிச்சுக்கிட்டே உங்க கடையில இருக்கிற பருப்பை எல்லாம் வரிசையாச் சொல்லுங்க" என்றார். "துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு..." என்று தொடங்கியவர் உளுத்தம்பருப்பில் மூச்சு வாங்கி நின்றார். பிசியோதெரபிஸ்ட் இறுக்கத்தை ஒரு படி குறைத்தார். இந்த முறை பொட்டுக்கடலை வரைக்கும் வந்தது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான அளவு என்று விளக்கினார். உலகம் முழுக்கச் சொல்லும் விதிதான், அதைப் பருப்புக் கடைக்காரருக்குத் தகுந்தபடி மாற்றிவிட்டார்.

வாங்கும்போது, முதுகு சாய்த்து உட்காரும் வகை கிடைத்தால் அதையே பாருங்கள். தரைக்குப் பக்கத்தில் இருக்கும், இடுப்புக்குப் பிடிமானம் உண்டு. பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையை வையுங்கள். சாதாரண நிமிர்ந்த வகை பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிறது, சாய்வு வகை அதைவிடக் கூடுதல். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் சுழலும் சக்கரம் மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை: சலிப்பு. நாலாவது வாரத்தில் பல வீட்டுச் சைக்கிள்களில் துண்டு காய்கிறது. அதற்கு மச்சான் வீட்டில் கடைப் பற்று நோட்டு ஒன்று கைகொடுத்தது. தேதி, நிமிடம், இறுக்கம், முன்னும் பின்னும் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அவரே தன் கையால் எழுதுகிறார். கணக்கு எழுதுவது அவருக்குப் பிடித்த வேலை, அதனால் யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்பதையும் அவரேதான் முடிவு செய்தார்: கடைக்குச் சரக்கு வராத நாள்கள்.

டிரெட்மில்

ஆய்வுகளில் அதிகம் வருவது இதுதான். பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சோதனை உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ளது. சமதளத்தில் வேகநடையில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் டிரெட்மில்லின் சரிவைக் கொஞ்சம் கூட்டுவார்கள். தலைவலி, தலைச்சுற்றல் குறிப்பிட்ட அளவு கூடும் இடத்தில் நிறுத்தி, அப்போதிருந்த நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். அதில் 80 சதவீதம் அளவுக்குத் தினமும் 20 நிமிடப் பயிற்சி. லேசான அதிர்ச்சிக் காயத்துக்கு ஊகத்தை விட்டு எண்ணை வைத்து வேலை செய்யும் நல்ல முறை. சைக்கிளிலும் இதே போன்ற சோதனை செய்கிறார்கள்.

அதனால் பிசியோதெரபி மையத்தில், பக்கத்தில் ஆள் நிற்க, டிரெட்மில்லில் ஏறுவதற்கு நான் எதிரி இல்லை. வீட்டில் வாங்கிப் போடுவதற்குத்தான் எதிரி. சைக்கிளில் கால் நின்றால் சக்கரமும் நிற்கும், டிரெட்மில் பெல்ட் உங்களுக்காக நிற்காது. சிந்தனை வேகம் குறைந்த ஒருவருக்கு, "நிறுத்தணும்" என்று தோன்றுவதற்கும் கை பொத்தானுக்குப் போவதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஓரிரு நொடி போதும் விழுவதற்கு. சட்டையில் மாட்டும் சேஃப்டி கிளிப் உதவும், ஆனால் மாட்ட மறப்பவருக்குத்தானே இந்தப் பயிற்சியே? போதாக்குறைக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் பெல்ட் சட்டென்று நிற்கும். விலையும் இடமும் சைக்கிளைவிடக் கூடுதல்.

நீச்சல், ஆப், மற்றவை

பெரியப்பா கோபித்துக்கொள்ளட்டும், கிணறு கிடையாது. காரணம் வலிப்பு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தலைக்காயம் பட்ட 4,541 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1998-இல் வெளியிட்டார்கள். ஐந்து வருடத்துக்குள் வலிப்பு வரும் வாய்ப்பு லேசான காயத்தில் 0.7 சதவீதம், நடுத்தரத்தில் 1.2, கடுமையான காயத்தில் 10. பத்துப் பேரில் ஒருவருக்கு என்றால் சின்ன விஷயம் இல்லை. சைக்கிளில் வலிப்பு வந்தால் பிடித்துக் கீழே படுக்கவைக்கலாம். தண்ணீரில் அரை நிமிடம் போதும். வலிப்பு இல்லை, மாத்திரையும் இல்லை என்று நியூரோ டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, ஆழமில்லாத நீச்சல் குளத்தில், நீந்தத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, அப்போது யோசிக்கலாம்.

போன் ஆப் விளையாட்டுகளில் மதிப்பெண் ஏறும், அந்த விளையாட்டில் மட்டும். அதில் கெட்டிக்காரராகிவிட்டால் கடையில் மீதிச் சில்லறை சரியாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மளிகைக்காரருக்கு மளிகைக் கணக்குதான் பயிற்சி. சைக்கிள் முடித்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் ஆறிய பிறகு பத்துப் பழைய பில்லைக் கூட்டச் சொல்கிறோம். களைத்த நாளில் ஐந்து. அக்கா மகள் அதற்குள் ஆப்பை அழித்துவிட்டாள், விளம்பரத் தொல்லை தாங்காமல்.

யோகாவில் மெதுவான ஆசனங்கள் நல்லவைதாம், ஆனால் அவை ஏரோபிக் ஆகாது. கபாலபாதி போல வேகமாக மூச்சு விடுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டும். மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கும்போது வேகமாக மூச்சு விடச் சொல்வதே மறைந்திருக்கும் வலிப்பு அலைகளைப் பார்க்கத்தான். தலைகீழாக நிற்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். சிலம்பம் பழகியவர்கள் மறுபடி கம்பெடுக்க ஆசைப்படுவார்கள். தனியாகச் சுற்றுவதையே டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், எதிராளியோடு வேண்டாம்.

யாருக்கு எது

மண்டை எலும்பு இன்னும் வைக்கவில்லை, அல்லது தடுமாற்றம் இருக்கிறது, அல்லது வலிப்பு ஒரு முறையாவது வந்திருக்கிறது என்றால், டாக்டர் அனுமதித்த பிறகு சாய்வுச் சைக்கிளில் தொடங்குங்கள். லேசான காயம், தடுமாற்றம் இல்லை, வயது குறைவு என்றால் நடையே போதும், தெப்பக்குளம் பக்கம் விடிகாலையில். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் சைக்கிள், ஒரு நாள் சித்திரை வீதி என்று கலந்து செய்யலாம். பகலில் யாரும் வீட்டில் இல்லாத குடும்பங்களுக்குப் பிசியோதெரபி மையம்தான் வழி, காசு போனாலும். ஆனால் பட்டியலில் முதலிடம் பிடித்த பயிற்சியை அவர் வெறுத்தால், இரண்டாம் இடத்தில் இருப்பதை எடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்டுக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

பயிற்சியை நிறுத்தவேண்டிய அடையாளங்களைச் சைக்கிள் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள் அக்கா: ஒரு மணி நேரத்துக்கும் அடங்காத தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம். தலைவலி மட்டும் என்றால் அன்றைக்கு ஓய்வு, டாக்டருக்கு ஒரு போன். மற்றதில் ஒன்று வந்தாலும் 108. மண்டைக்குள் ரத்தக்கட்டு வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்து பின்னால் வெளிப்படுவதும் உண்டு. பைக் எப்போது எடுக்கலாம் என்று மச்சான் ஒவ்வொரு ரிவ்யூவிலும் கேட்கிறார். சைக்கிள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு டாக்டர், "இதுல பாஸ் பண்ணிட்டீங்க, அதுக்கு வேற பரீட்சை" என்று அனுப்பிவிடுகிறார்.